வழுக்காமல் இழுத்த யெல்லோஸ்டோன்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மெசாபி சுரங்கங்களிலிருந்து சுப்பீரியர் ஏரித் துறைமுகங்களுக்கு இரும்புத்தாது கொண்டுசென்ற ரயில்பெட்டியின் நீளம் வெறும் 24 அடி. ஆனால் அது சுமந்ததோ சுமார் 70 டன். அப்படிப்பட்ட பெட்டிகளை நூற்றுக்கு மேல் கோத்தால், அந்த ரயிலை எது அசைக்கும்? அதற்காகப் பால்டுவின் தொழிற்சாலை 1941-இல் எட்டும் 1943-இல் பத்துமாகக் கட்டித்தந்த நீராவி எஞ்சின்களே யெல்லோஸ்டோன்கள்.

பெரிய கொதிகலன் இருந்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் எளிதில் வழுக்கும். பிடிப்பை மீறி நீராவி தள்ளினால், ரயில் நகராமல் சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால், இயக்குசக்கரங்களை அழுத்தும் எடையில் ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் இழுவிசை வைப்பதில்லை. யெல்லோஸ்டோனில் அந்த எடை சுமார் 254 டன். இழுவிசை சுமார் 63 டன். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது! மற்ற எந்திரங்களில் எடையைக் குறைக்கப் பாடுபடுவார்கள். இங்கே எடைதான் பிடிமானம். அதுவும் போதாதபோது சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவினார்கள்.

அவ்வளவு எடையை ஓரிரு அச்சுகளில் ஏற்றினால் தண்டவாளம் தாங்காது. எட்டு அச்சுகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 32 டன். ஆனால் எட்டு அச்சுகளையும் ஒரே சட்டத்தில் இறுக்கினால் எஞ்சின் வளைவில் திரும்பாது. எனவே நான்கு நான்காகப் பிரித்தார்கள். பின்சட்டம் கொதிகலனோடு நிலையாக இணைந்தது. முன்சட்டமோ கீல் வைத்த கதவுபோல, கொதிகலனுக்கு அடியில் இடமும் வலமும் அசையும். அதன் சிலிண்டர்களுக்கு நீராவி போகும் குழாய்களிலும் அசையும் மூட்டுகள் உண்டு. கொதிகலன் வளையாது, ஆகவே வளைவுகளில் அதன் முகப்பு தடத்தைவிட்டு வெளியே துருத்தி நிற்கும்.

சக்கரத்தின் விட்டம் 63 அங்குலம், விரைவுப் பயணிகள் எஞ்சின்களுடையதைவிடச் சிறியது. சக்கரம் சிறிதானால் பிஸ்டனின் ஒவ்வொரு வீச்சுக்கும் ரயில் கொஞ்சதூரமே நகரும். தள்ளும் விசையோ கூடும். வேகம் குறையும்தான், தாதுவுக்கு அவசரம் இல்லையே.

குளிர்காலத்தில் ஏரி உறைந்து கப்பல்கள் நின்றுவிடும். இரண்டாம் உலகப்போரின்போது அந்த ஓய்வு மாதங்களில் சில யெல்லோஸ்டோன்கள் கொலராடோ மலைப்பாதைகளுக்கு இரவலாகப் போய் உழைத்தன. பதினெட்டில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. மின்னசோட்டாவின் புரொக்டர், டூலூத், டூ ஹார்பர்ஸ் ஊர்களில் நிற்கின்றன.