அணையா அடுப்பும் அதற்கு விறகு தள்ளும் கைகளும்

பசித்தவர்களுக்குச் சோறு போடும் வடலூர் சத்திய தருமசாலையின் சமையற்கட்டுக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தில் படுவது அனல். கண் பழகிய பிறகுதான் அடுப்பு தெரிகிறது. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், அதே அளவு ஆழம். 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் மூட்டிய நெருப்பு அது. உலை ஏறாத நேரத்திலும் யாராவது ஒருவர் வந்து விறகைத் தள்ளிவிட்டுப் போகிறார்.

ஒற்றை விறகுக்கட்டையைத் தனியே எரியவிட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் புகைந்து அணைந்துவிடும். அது நாலாபக்கமும் சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. உண்டாகும் சூட்டைவிட இழக்கும் சூடு கூடிய நொடியில் தீ அடங்குகிறது. பக்கத்தில் இன்னொரு கட்டை கிடந்தால் ஒன்று வீசும் அனலை மற்றது வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் கங்கு வெகுநேரம் கனன்று கிடக்கும். மேலே நீறு பூத்தால் இன்னும் நல்லது: சாம்பல் காற்றைக் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும், சூட்டையும் போர்த்தி வைக்கும். தீப்பெட்டி அரிதாக இருந்த காலத்தில் கிராமத்து வீடுகளில் இரவு கங்குகளை நீற்றால் மூடிவைத்து விடியலில் ஊதி எழுப்பியது இந்தக் கணக்கில்தான்.

நெருப்பு அணையாததற்கு இது போதுமான விளக்கம். ஆனால் அங்கே நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. 150 வருஷங்களுக்கு மேலாக, தலைமுறை மாறி, ஆட்சி மாறி, விறகு தள்ளும் கைகள் எப்படி ஓயவில்லை? பிறர் பசியைப் பார்த்து மனசு இளகுவது யாருக்கும் நடக்கும். அந்த இளக்கம் மறுநாளும் அதற்கு மறுநாளும் எப்படி நீடிக்கிறது?

பசியிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் வள்ளலாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார். 1866இல் ஒரிசாவில் உயிர்களை வாரிக்கொண்டு போன பஞ்சம் சென்னை மாகாணத்தின் கடலோரத்தையும் தொட்டது. அடுத்த ஆண்டே பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் தருமசாலை எழுந்தது. அவர் எழுதிய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ பசித்த உடலை உறுப்பு உறுப்பாகப் பார்க்கிறது. கண் பஞ்சடைகிறது, நாக்கு வறள்கிறது, பேச்சு குழறுகிறது, கைகால் துவள்கிறது, ஈரல் கரைகிறது, மூளை சுருங்குகிறது என்று அந்த வரிசை நீள்கிறது. பக்திப் பெருக்கில் எழுதிய வர்ணனை என்று பலர் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதியதாகத்தான் படுகிறது.

நம் மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் அது தின்பதோ ஐந்தில் ஒரு பங்கு. சர்க்கரையாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம். சாப்பிடாத நேரத்தில் இதைக் கொடுப்பது ஈரலில் கிளைக்கோஜனாக இருக்கும் சேமிப்பு. அது 100 கிராம் அளவுதான், ஒரு நாள் பட்டினியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு உடல் தன் தசையைக் கரைத்து அந்தப் புரதத்திலிருந்து சர்க்கரை செய்கிறது. கை துவள்வது அங்கே ஆரம்பம். இரண்டு மூன்று நாளில் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் பெருகி மூளைக்கு மாற்று எரிபொருளாகின்றன. தசை ஒரேயடியாகக் கரைந்து போகாமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

ஈரல் கரைவதும் சும்மா சொன்ன வார்த்தை இல்லை. பட்டினியில் செல்கள் தம் உள்ளுறுப்புகளையே பிரித்துத் தின்று பிழைக்கின்றன. தன்னைத் தானே உண்ணும் இந்த வழி எப்படி இயங்குகிறது என்று ஈஸ்ட்டில் கண்டறிந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். பட்டினி கிடக்கும் எலிகளில் இது வெகு வேகமாக நடக்கும் உறுப்புகளில் ஒன்று ஈரல். மூளையைப் பொறுத்தவரை, உணவை மறுக்கும் அனோரெக்சியா நோயாளிகளை ஸ்கேன் செய்தால் மூளையின் கன அளவு குறைந்திருப்பது தெரிகிறது; எடை திரும்பினால் பெரும்பகுதி மீள்கிறது. ஈரலைப் பற்றியும் மூளையைப் பற்றியும் வள்ளலார் சொன்னதற்கு அவரிடம் ஸ்கேன் இல்லை. அவர் பசித்தவர்களின் முகத்தைப் பார்த்தார்.

பசி மனசை என்ன செய்கிறது என்பதை முறையாக அளந்தது 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு. ஆன்சல் கீஸ் என்ற உடலியலாளர் 36 இளைஞர்களை ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கவைத்தார். அதில் 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. இதயத் துடிப்பு மந்தமானது, எந்நேரமும் குளிர்ந்தது. அதைவிட முக்கியமாக, அவர்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். சிரிப்பு நின்றது, நட்பு சலித்தது, சிறு விஷயத்துக்கும் எரிச்சல் வந்தது. சமையல் புத்தகங்களைச் சேர்த்துச் சேர்த்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். உணவைத் தவிர வேறு எதிலும் நினைவு நிற்கவில்லை.

பசியில் அறிவும் உயிரின் விளக்கமும் மங்கி, அதோடு கடவுள் விளக்கமும் மறைகிறது என்று வள்ளலார் எழுதியதன் பொருள் எனக்கு இந்த ஆய்வைப் படித்த பிறகே முழுதாக விளங்கியது. பசித்திருப்பவரிடம் தியானம் பற்றியோ ஒழுக்கம் பற்றியோ பேச அவருக்குள் யாரும் மிச்சம் இல்லை. அதனால்தான் வள்ளலார் வழியில் சோறு முதலில் வருகிறது, மற்றதெல்லாம் பின்னால்.

அந்த 36 பேர் யார் என்பதையும் சொல்லாமல் போக முடியாது. உலகப்போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்தவர்கள் அவர்கள். கொல்ல மறுத்தவர்கள், போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று உலகம் தெரிந்துகொள்ளட்டும் என்று தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள்.

அடுத்து, பார்ப்பவரின் பக்கம். வாடிய பயிரைக் கண்டு வாடியவர் என்று வள்ளலாரைச் சொல்கிறோம். அடுத்தவர் வலி நமக்குள் எப்படி வருகிறது? 2004இல் லண்டனில் தானியா சிங்கரின் குழு 16 தம்பதிகளை வைத்து இதை ஆராய்ந்தது. மனைவி ஸ்கேனருக்குள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவரின் கையில் சுருக்கென்று ஒரு மின் அதிர்ச்சி. தனக்கு வலித்தபோது மனைவியின் மூளையில் கிளர்ந்த இன்சுலா, சிங்குலேட் என்ற பகுதிகள் கணவருக்கு வலித்தபோதும் கிளர்ந்தன. வலி உடம்பில் எந்த இடத்தில் என்று காட்டும் பகுதி மட்டும் கிளரவில்லை. வலியின் இடம் கடன் வரவில்லை, வலியின் வேதனை வந்துவிட்டது.

வாடுதல் என்பது உடம்பிலும் நடக்கிற ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. வேதனை உண்மையான வேதனை என்றால், திரும்பத் திரும்ப வாடுபவர் ஒருநாள் வெந்துபோவார். மருத்துவமனை வார்டுகளில் செவிலியர்கள் மனம் மரத்துப் போவதைப் பார்த்திருக்கிறோம். சிலர் அதைக் கல்நெஞ்சு என்பார்கள். பெரும்பாலும் அது காய்ப்பு ஏறிய நெஞ்சு.

சிங்கர் பின்னாளில் ஓல்கா கிளிமெக்கியுடன் சேர்ந்து இதைத்தான் ஆராய்ந்தார். ஒரு குழுவினருக்கு முதலில் அடுத்தவர் துன்பத்தை அப்படியே உள்வாங்கப் பயிற்சி கொடுத்தார்கள். துன்பக் காட்சிகளைப் பார்த்தபோது அவர்களின் சோர்வும் வருத்தமும் கூடின. பிறகு அதே ஆட்களுக்கு வேறு பயிற்சி: துன்பப்படுபவருக்கு நல்லது நடக்கட்டும் என்று அன்பைத் திருப்பும் பயிற்சி. காட்சிகள் அதே மாதிரிதான். வருத்தம் பழைய அளவுக்கு இறங்கியது, இதமான உணர்வு ஏறியது. மூளையிலும் வேறு பாதை கிளர்ந்தது. பற்றும் பாசமும் ஊறும் இடங்களான ஸ்ட்ரையேட்டமும் நெற்றிக்குப் பின்னுள்ள அடிப்பகுதியும். வாடுவது ஒரு பாதை, வாட்டத்தைப் போக்க முனைவது இன்னொரு பாதை.

வள்ளலாரை நான் இங்கேதான் வைத்துப் பார்க்கிறேன். அவர் வாடியதோடு நின்றிருந்தால் அருமையான பாடல்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். வாட்டத்தை அடுப்பாக மாற்றினார். இரக்கம் கை வரைக்கும் இறங்காவிட்டால் இரக்கப்பட்டவரையே தின்னும் என்று அவர் தன் உடம்பிலேயே அறிந்திருக்க வேண்டும்.

கை வரைக்கும் இறங்கிவிட்டால் என்ன நடக்கிறது? 2007இல் அமெரிக்காவின் ஓரிகனில் பொருளியலாளர் வில்லியம் ஹார்பாவும் உளவியலாளர் உல்ரிக் மேயரும் 19 பெண்களிடம் ஆளுக்கு 100 டாலர் கொடுத்து ஸ்கேனருக்குள் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி உள்ளூரில் ஏழைகளுக்கு உணவு வழங்கும் அமைப்புக்குப் போகும். சில முறை அவர்களைக் கேட்காமல் வரி மாதிரி எடுத்தார்கள், சில முறை அவர்களே முடிவு செய்தார்கள். வரியாக எடுத்தபோதுகூட, பணம் பசித்தவர்களுக்குப் போகிறது என்று கண்டதும் மூளையின் இன்ப மையங்கள் கிளர்ந்தன. தாங்களாகக் கொடுத்தபோது அந்தக் கிளர்ச்சி இன்னும் கூடியது.

இதைக் கேட்டதும் எழும் ஆட்சேபம் பழையது. கொடுப்பதில் சுகம் இருக்கிறதென்றால் அது சுயநலம்தானே? வள்ளலார் இந்தச் சுகத்தை ஒளிக்கவில்லை. பசி தீர்ந்தவர் முகத்தில் மலர்வதையும், அதைப் பார்த்துக் கொடுத்தவர் உள்ளத்தில் ஊறுவதையும் சேர்த்தே அவர் கடவுள் இன்பம் என்கிறார். எல்லா உயிரும் ஒரே இனம், அந்த உரிமையால் உள்ளம் உருகுகிறது என்பது அவர் கணக்கு. தாய் பிள்ளைக்கு ஊட்டும்போது மகிழ்கிறாள் என்பதால் அவள் சுயநலக்காரி ஆகிவிடுவதில்லை. சுகத்தை எதிர்பார்த்துச் செய்வது வேறு, செய்ததில் சுகம் வந்து சேர்வது வேறு.

இந்த வேறுபாட்டுக்கு உடம்பும் சாட்சி சொல்கிறது போலிருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல்லாயிரம் பேரைப் பள்ளி முடித்த நாளிலிருந்து முதுமை வரை பின்தொடரும் நீண்ட ஆய்வு ஒன்று நடக்கிறது. அந்தத் தரவுகளை வைத்து சாரா கொன்ராத் குழு 2012இல் ஒரு முடிவை வெளியிட்டது. பிறருக்காகத் தொண்டு செய்தவர்கள் தொண்டு செய்யாதவர்களைவிட நீண்ட நாள் உயிர்வாழும் வாய்ப்பு கூடியிருந்தது. தனக்குப் பெயர் வரும், பொழுது போகும், மனப்பாரம் குறையும் என்று தன்னை முன்னிட்டுச் செய்தவர்களிடம் அந்த நன்மை தென்படவில்லை. தொண்டுதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து போவதைத்தான் இது காட்டுகிறது. ஆயுளுக்காகத் தொண்டு செய்யக் கிளம்புகிறவருக்கு இந்த முடிவு உதவவும் உதவாது.

அன்றாட வீட்டுக்கு இது எப்படி வரும் என்று கேட்டால் எனக்கு என் பாட்டியின் பிடியரிசிப் பானைதான் நினைவுக்கு வருகிறது. உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார். மாசக் கடைசியில் பானை கோயில் அன்னதானத்துக்கோ வாசலில் வந்து நிற்பவருக்கோ போகும். இன்றைக்குப் போடலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

யோசிக்காததுதான் அதன் பலம். ஒரு செயலை ஒரே சூழலில் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதன் பொறுப்பு, யோசித்து முடிவெடுக்கும் நெற்றிப்பக்க மூளையிலிருந்து ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டத்துக்கு மெல்ல மாறுகிறது. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடு அளவு 66 நாள். சிலருக்கு 18 நாளில் ஆகிவிட்டது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒருநாள் தவறினால் பெரிதாக எதுவும் கெடவில்லை. அரிசி களைதல் என்ற தினசரிக் காரியத்தோடு ஒரு பிடியைக் கட்டிவைத்தவர் யாரோ, மனசை நன்றாக அறிந்தவர். ‘நான் கொடுக்கிறேன்’ என்ற நினைப்பு தலைதூக்க அந்த ஒரு பிடியில் நேரமே கிடைப்பதில்லை.

ஒரு மாசப் பூசத்தன்று தருமசாலையில் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் ஒரே சலசலப்பு. குழந்தை அழுகிறது, ஒரு பெரியவர் இடம் போதவில்லை என்று முணுமுணுக்கிறார். சோறு வந்தது. முதல் கவளம் வாய்க்குப் போகும் முன்பே அந்தப் பெரியவரின் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். எலிகளின் மூளையில் பசியைக் கிளப்பும் ஏஜிஆர்பி நரம்பணுக்கள் உண்டு. உணவைக் கண்டதும், தின்பதற்கு முன்னாலேயே, சில நொடிகளில் அவை அடங்குகின்றன என்று 2015இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். கண்ட உணவு கைக்கு எட்டாமல் போனால் அவை மறுபடி கத்த ஆரம்பித்துவிடும். அவருக்குள் அன்று எது அடங்கியது என்று நான் அளக்கவில்லை. அவர் தட்டில் இருந்த சோறு அவர் கைக்கு எட்டியது.

“இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துப்பா” என்றார். குடம் காலியாக இருந்தது. நிரப்பிக்கொண்டு வர உள்ளே போனபோது சமையற்கட்டில் அடுத்த உலைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார்கள்.