குவாரண்டைன்: தனிமைப்படுத்தலா, தடைக்காப்பா?

தொற்று பட்டிருக்கலாம், ஆனால் இன்னும் வருத்தம் காணவில்லை. அப்படிப்பட்டவரைக் குறித்த நாள்வரை விலக்கிவைத்துக் கவனிப்பதே குவாரண்டைன். தொற்று உறுதியானவரைப் பிரித்துவைப்பது ஐசொலேஷன். இலங்கைத் தமிழில் இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்றே எழுதிவிட்டோம். போதாக்குறைக்கு ஊரை மூடுவதற்கும் அதே சொல்தான்.

1377 இல் ரகூசா (இன்றைய டுப்ரோவ்னிக்) கொள்ளைநோய்ப் பகுதியிலிருந்து வந்தவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. அது பின்னர் 40 நாளானது. வெனிஸ் மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே குவாரண்டைன்.

2020 மார்ச்சில், கொரோனா காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் குவாரண்டைனுக்காக மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானைக்குக் கொண்டுவந்தபோது இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. வந்தவர்கள் நோயாளிகளல்லர், கண்காணிப்புக்கு உட்பட்டவர்கள். இதை முதல்நாளே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டியது அரசு.

மேலிடத்துச் சொல்லாட்சியும் குழப்பமே. 2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதன் சட்ட அடிப்படையைச் சட்டத்தரணிகள் கேள்விக்குட்படுத்தினர். பிறகு 'தனிமைப்படுத்தல் ஊரடங்கு' என்ற கலப்புச்சொல் வந்தது. ஊரடங்கு என்றாலே நம் பக்கத்தில் போர்க்காலம்தான் நினைவுக்கு வரும். நோய்த்தடுப்புக்கோ 1897 இன் 3 ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது: மீறினால் 2,000 முதல் 10,000 ரூபாய்வரை தண்டம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும்.

வீட்டில் பிழையாகப் போவது நாள்கணக்கு. கொரோனாவின் நோயரும்பு காலம், அதாவது தொற்று பட்டதிலிருந்து வருத்தம் காணும்வரையான காலம், 14 நாள்வரை நீளலாம் என்பதால்தான் 2020 இல் 14 நாள் வைத்தார்கள். அதைத் தொற்றாளரைக் கடைசியாகச் சந்தித்த நாளிலிருந்து எண்ண வேண்டும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கதவில் அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து அல்ல. மூன்றாம் நாள் பீ.சி.ஆர். சோதனை 'நெகட்டிவ்' (தொற்றில்லை) என்றதும் சந்தைக்குப் போகக்கூடாது. உடலில் வைரஸ் அப்போது பிடிபடாத அளவில் இருக்கலாம். அதே வீட்டில் இன்னொருவருக்குத் தொற்று வந்தால், அவரோடு பழகிய மற்றவர்களுக்குக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுகிறோமே, அது ஐசொலேஷன் வகை. உள்ளே வருத்தக்காரர் இருக்கிறார். குவாரண்டைனுக்கு அது பொருந்தாது. குவாரண்டைனை 'ஒதுக்கிவைத்தல்' என்றால் ஊர்விலக்கு வாடை அடிக்கும்.

'தடைக்காப்பு' என்பதே பொருத்தம். கோயிலில் காப்புக் கட்டியவர் குறித்த நாள்வரை கட்டுப்பாட்டில் இருந்து, நாள் முடிந்ததும் அவிழ்ப்பார். காலவரையறை சொல்லிலேயே இருக்கிறது. ஐசொலேஷனுக்குத் 'தனிமைப்படுத்தல்' இருக்கட்டும். ஊரை மூடினால் 'பிரதேச முடக்கம்'. ஒட்டும் அறிவித்தலில் 'தடைக்காப்பில் உள்ள வீடு' என்று எழுதி, தொடங்கும் திகதியையும் முடியும் திகதியையும் பெரிதாகப் போட்டால் அயலவர் உணவுப்பொதியை வாசலில் வைக்கப் பயப்படமாட்டார்.