கழுவுத் தண்ணீரோடு போகிற நிக்கல்

என் பையில் எப்போதும் ஒரு சின்ன பாட்டில் இருக்கும். உள்ளே டைமெத்தில் கிளையாக்சைம் கரைசல். நிக்கல் முலாம் பூசுகிற பிளேட்டிங் பட்டறைக்குப் போனால், முலாம் பூசிய சாமான்களை அலசுகிற கழுவுத் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் மொண்டு, ஒரு சொட்டு அம்மோனியாவும் இரண்டு சொட்டு இந்தக் கரைசலும் விடுவேன். நிக்கல் இருந்தால் ரோஜா நிறத்தில் திரியும். "தண்ணி சுத்தமாத்தானே சார் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

சாமான்களை மாட்டியிருக்கிற சட்டத்தை, அதாவது ஜிக்கை, முலாம் தொட்டியிலிருந்து தூக்கும்போது ஒட்டிக்கொண்டு வருகிற கரைசலில் இருக்கிற நிக்கல்தான் இது. ஒரு பட்டறையில் நாளுக்கு 2,000 லிட்டர் கழுவுநீர், லிட்டருக்கு 300 மில்லிகிராம் நிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 600 கிராம் ஆகிறது. 300 வேலை நாளில் 180 கிலோ. காசு கொடுத்து வாங்கிய உலோகத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சேறாக்கி, அந்தச் சேற்றை அபாயக் கழிவு என்று மறுபடி காசு கொடுத்து அனுப்புகிறோம். வெளியே விடும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருக்கக் கூடாது என்பது விதி. அதற்குப் பயந்து சுண்ணாம்பு போடுகிறோமே தவிர, போகிற நிக்கலை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சேறாவதற்கு முன்பே அதைப் பிடிக்கத்தான் ஆர்.ஓ. மெம்பரேன், அழுத்தம் கொடுத்தால் தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கிற சவ்வு. உள்ளே வேலை செய்வது மிக மெல்லிய ஒரு பாலியமைடு தோல். ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. நீரில் நிக்கல் அயனி தனியாகத் திரிவதில்லை, ஆறு நீர் மூலக்கூறுகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் திரியும். நாம் பார்க்கிற பச்சை நிறமே அந்தக் கூட்டத்தின் நிறம்தான். அந்தப் பருமனோடும் இரட்டை மின்சுமையோடும் அது தோலைத் தாண்டுவது கஷ்டம். தண்ணீர் தாண்டிவிடும். தாண்டிய தண்ணீர் கழுவுத் தொட்டிக்கும், தங்கிய பச்சைக் கரைசல் முலாம் தொட்டிக்கும் போகும்.

இருபது மடங்கு சுண்டினாலும் 300 மில்லிகிராம் 6 கிராம்தான் ஆகும். முலாம் தொட்டியிலோ லிட்டருக்கு அறுபது எழுபது கிராம் நிக்கல் இருக்கும். அதனால் 55 டிகிரிச் சூட்டில் தொட்டியிலிருந்து ஆவியாகிற தண்ணீரின் இடத்தை நிரப்பத்தான் இது ஆகும். அந்த அளவுக்கு மேல் ஊற்ற இடம் கிடையாது. முலாம் கரைசலில் இருக்கிற போரிக் அமிலம் வேறு மின்சுமை இல்லாமல் மெம்பரேனில் நழுவிவிடும். அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வெளியே போக வேண்டிய செம்பும் இரும்பும் பளபளப்பு மருந்தின் சிதைவும்கூட நிக்கலோடு சேர்ந்து திரும்பி வரும். கார்பன் வடிகட்டலை விட்டுவிட்டால் அந்தச் சிதைவு சேர்ந்து முலாம் கெட்டுப்போகும்.

அடுத்தது போர் தண்ணீர். அதில் இருக்கிற கால்சியம், நிக்கல் சல்பேட்டோடு வருகிற சல்பேட்டைப் பார்த்ததும் ஜிப்சமாக மெம்பரேன் மேல் படியும். கழுவுத் தொட்டிக்குக் கால்சியம் நீக்கிய மென்னீர் இல்லை என்றால் ஆர்.ஓ. பற்றிப் பேசவே வேண்டாம்.

நானே கோட்டை விட்ட கதை ஒன்று உண்டு. நிக்கலுக்கு அடுத்து குரோம் போடுகிற வரிசை. குரோம் தொட்டியிலிருந்து வந்து ரிஜெக்ட் ஆன ஜிக்குகளை, பக்கத்தில் இருக்கிறதே என்று நிக்கல் கழுவுத் தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறார் ஒரு தம்பி. பச்சைத் தண்ணீரில் லேசாக மஞ்சள் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. குரோமிக் அமிலம் பலமான ஆக்சிஜனேற்றி, பாலியமைடு அதைத் தாங்காது. மூன்று வாரத்தில், மெம்பரேனைத் தாண்டி வருகிற நீரில் உப்பு கலப்பதைக் காட்டுகிற கடத்துதிறன் ஏறிக்கொண்டே போனது, மெம்பரேன் போச்சு. அந்தத் தொட்டியில் குரோம் ஜிக் இறங்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

பல உலோகம் கலந்துவிட்ட நீருக்கு வேறொரு வழி உண்டு. பாலிஎத்திலீன்இமீன் போன்ற நீரில் கரைகிற பாலிமரைச் சேர்த்தால் அது அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். பெரிய மூலக்கூறாகிவிடுவதால், ஆர்.ஓ.வைவிடப் பெரிய துளை உள்ள அல்ட்ராஃபில்ட்டரே தடுத்துவிடும். அப்புறம் அமிலம் விட்டால் பாலிமர் உலோகத்தை விட்டுவிடும். பீக்கரில் அழகாக வேலை செய்கிறது. பட்டறையில் பாலிமரைத் திரும்பத் திரும்பக் கழுவி எடுக்கப் பொறுமை வேண்டும். நான் இன்னும் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

மெம்பரேன் விலை கேட்டு போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, முலாம் தொட்டிக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பி அடியுங்கள் என்பதுதான். தூக்கிய ஜிக் அதில் பத்து விநாடி தொங்கிச் சொட்டட்டும். ஒரு வாரம் கழித்து பாட்டிலோடு வருகிறேன். ரோஜா நிறம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, எத்தனை மெம்பரேன் வேண்டும் என்று பேசுவோம்.