ஹோஸ்டிங் வாங்கும் முன்பே வெளியேறும் வழியைப் பாருங்கள்

சைட்டை வைக்க சர்வரில் இடம் வாடகைக்கு எடுப்பதுதான் ஹோஸ்டிங். “எந்த ஹோஸ்டிங் நல்லது?” என்று ஒருவர் கேட்டால் அரை மணி நேரத்தில் பத்துப் பதில்கள் வந்துவிடும். ஐந்து வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை என்பார் ஒருவர். அதே நிறுவனத்தைச் சொல்லி, வாரம் மூன்று முறை சைட் படுத்துவிடுகிறது என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான கணக்குகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. உங்கள் அனுபவம் உங்களுக்கு வாய்த்த சர்வரையும் அதில் அண்டை வீடாக அமைந்த சைட்டுகளையும் பொறுத்தது. நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கணிக்க முடியாது.

ஆகவே ஆலோசனை கேட்பவர் நான்கைந்து விவரங்களைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: சைட் எதில் ஓடுகிறது, தினமும் எத்தனை பேர் வருகிறார்கள், டேட்டாபேஸ் எவ்வளவு பெரியது, வாசகர்கள் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள், மெயிலும் அதே இடத்தில் வேண்டுமா. சொல்பவரும் எந்த பிளான், சர்வர் எங்கே, எத்தனை மாதம் பயன்படுத்தினார் என்று சொல்ல வேண்டும். வாங்கிய முதல் வாரத்தில் எழுதிய பாராட்டுக்கு எடை குறைவு. பேக்கப்பை மீட்கக் கேட்ட நாள், புதுப்பித்தல் பில் வந்த நாள், கணக்கை மூடிவிட்டுக் கிளம்பிய நாள் ஆகிய மூன்றில் ஒன்றையாவது கண்டவர் சொல்லும் கருத்தை நம்பலாம். பரிந்துரையோடு வரும் இணைப்பில் கமிஷன் இருக்கிறதா என்றும் நேராகக் கேளுங்கள். கமிஷன் வாங்குவது தவறில்லை, மறைத்து வாங்குவதுதான் தவறு. முதல் தவணைக்குக் காட்டும் விலை வேறு, புதுப்பிக்கும்போது வரும் விலை வேறு. இரண்டாவது விலை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும் நல்ல நிறுவனம் ஒரு நாள் கைமாறலாம், விலை ஏறலாம், சர்வர் எரிந்தும் போகலாம். ஒரே நாளில் கிளம்பி வேறு இடத்துக்குப் போக முடியும் என்ற நிலையில் சைட்டை வைத்திருப்பவருக்கு மோசமான ஹோஸ்டிங்கும் பெரிய ஆபத்தில்லை. அந்த நிலையில் இல்லாதவருக்கு நல்ல ஹோஸ்டிங்கும் ஆபத்துதான்.

முதலில் டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர். அது யார் கணக்கில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். சைட் செய்துகொடுத்தவர் தன் கணக்கில் பதிவு செய்திருந்தால், நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்துகொடுக்கும் நிறுவனம்) பார்வையில் உரிமையாளர் அவர்தான். வெளியிலிருந்து தேடினால் தனியுரிமை மறைப்பு பெயரைக் காட்டாது, அதனால் கணக்குக்குள் நுழைந்து உரிமையாளராகப் பதிந்திருக்கும் பெயரையும் மின்னஞ்சலையும் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் மெயிலும் நிற்கும், பாஸ்வேர்டை மாற்றும் கடிதம் வந்து சேர இடமிருக்காது. புதிதாகப் பதிவு செய்தாலோ விவரத்தை மாற்றினாலோ உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வரும். அதை 15 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் டொமைன் முடக்கப்படும். “சைட் திடீரென்று காணோம்” என்ற புகார்களில் சில இந்தக் கவனிக்காத மெயிலில் போய் முடிகின்றன.

டாட் காம் போன்ற பெயர்களுக்குக் காலாவதிக்குப் பிறகு, ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து, 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்க இடம் உண்டு. அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது தனிக் கட்டணம். கடைசி 5 நாளில் எதுவும் செய்ய முடியாது, பெயர் நீக்கத்துக்குக் காத்திருக்கும். சில ரெஜிஸ்ட்ரார்கள் இவை முடியும் முன்பே பெயரை ஏலத்துக்கு விடுவதால் முழு நாள் கணக்கையும் நம்பி உட்கார வேண்டாம். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஒரே இடத்தில் வாங்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஹோஸ்டிங் பில்லில் தகராறு வந்து கணக்கை முடக்கினால் டொமைனும் அதோடு மாட்டிக்கொள்ளும். புதிதாகப் பதிந்த பெயரைப் பொதுவாக 60 நாளுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றவும் முடியாது.

அடுத்து “அன்லிமிடெட்” என்ற சொல். வட்டு இடத்துக்கு வரம்பில்லை என்பார்கள், ஐநோடு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபைலும் ஃபோல்டரும் ஒரு ஐநோடு. ஒரு படத்தை ஏற்றினால் பல அளவுகளில் நகல் எடுத்துக்கொள்ளும் சைட்டில் பத்தாயிரம் படம் லட்சம் ஃபைலைத் தொட்டுவிடும். கேச் ஃபோல்டரும் பழைய மெயிலும் தனிக்கணக்கு. அடுத்த வரம்பு, ஒரே நேரத்தில் எத்தனை பிஹெச்பி (சைட்டின் பக்கங்களை உருவாக்கும் நிரல் மொழி) வேலைகள் ஓடலாம் என்பது. இதைத்தான் வாங்கும் முன் கேட்க வேண்டும். வரம்பு 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தை உருவாக்க 2 நொடி ஆகிறது என்றால் நொடிக்கு 10 பக்கம்தான் கொடுக்க முடியும். ஏதோ ஒரு பிளக்இன்னால் (சைட்டில் சேர்க்கும் கூடுதல் நிரல்) அது 4 நொடியாகிவிட்டால் அதே பிளானில் நொடிக்கு 5 பக்கம். பதினோராவது ஆளோ ஆறாவது ஆளோ வந்ததும் வரிசை நீண்டு, கடைசியில் வரம்பு தாண்டியதைச் சொல்லும் 508 பிழை வரும். சைட் உரிமையாளர் ஹோஸ்டிங்கைத் திட்டுவார். கோளாறு பிளக்இன்னில் இருக்கும்.

யார் மேல் பிழை என்று பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு வரி எழுதிய வெறும் டெக்ஸ்ட் ஃபைலை சைட்டில் வைத்து, அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியில் பாருங்கள். பிறகு முகப்புப் பக்கத்தைப் பாருங்கள். டெக்ஸ்ட் ஃபைல் 80 மில்லி நொடியில் வந்து முகப்புப் பக்கத்தின் முதல் பைட்டுக்கு 3 நொடி ஆனால் நெட்வொர்க் மேல் குற்றமில்லை. பிளக்இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, டேட்டாபேஸில் மெதுவாக ஓடும் குவெரிகளை (சைட் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) தேடுங்கள். அவை சரியாக இருந்தும் மெதுவாக இருந்தால் கண்ட்ரோல் பேனலில் சிபியு வரைபடம் உச்சத்தில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். டெக்ஸ்ட் ஃபைலே தாமதமானால் சப்போர்ட்டில் புகார் கொடுக்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது, நேரமும் அளவும் எழுதி அனுப்புங்கள்.

99.9 சதவீத அப்டைம் என்ற உறுதிமொழியையும் கணக்குப் போட்டே படிக்க வேண்டும். 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் சைட் படுத்திருந்தாலும் அந்த உறுதி மீறப்படவில்லை. மீறினால் கிடைப்பது பெரும்பாலும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு. நஷ்டமான வியாபாரம் திரும்பி வராது.

பேக்கப்பில்தான் மிகப் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதும் எரிந்தது, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியும் போனது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. மூன்று நகல், இரண்டு வெவ்வேறு சேமிப்பு, ஒன்றாவது வேறு இடத்தில் என்ற பழைய விதிக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. வேறு இடம் என்றால் வேறு நிறுவனம், வேறு பாஸ்வேர்டு. சைட்டை உடைத்து நுழைந்தவரால் பேக்கப்பையும் அழிக்க முடிகிறது என்றால் அதைப் பேக்கப் என்று சொல்வதில் பொருளில்லை. முடிந்தால் சைட் சர்வர் வெளியே தள்ளும் முறையை விட்டு, பேக்கப் சர்வர் வந்து இழுத்துக்கொள்ளும் முறையை வையுங்கள். சைட் சர்வரிடம் பேக்கப்பின் சாவி இருக்காது.

அடிக்கடி காணும் தவறுகள் இரண்டு. ஒன்று, பிளக்இன் எடுத்த பேக்கப் ஜிப் சைட்டின் பொது ஃபோல்டரிலேயே கிடப்பது. பெயரை ஊகித்தவர் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருக்கும். அவை சேர்ந்து சேர்ந்து வட்டு நிறைந்து டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நிற்பதும் உண்டு. இன்னொன்று, பாதியில் அறுந்த டம்ப், அதாவது டேட்டாபேஸை ஒரே ஃபைலாக எடுத்த நகல். மைஎஸ்க்யூஎல் (பல சைட்டுகள் பயன்படுத்தும் டேட்டாபேஸ்) டம்ப் ஒழுங்காக முடிந்தால் வழக்கமாகக் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்ற குறிப்பு இருக்கும். அந்த வரி இல்லையென்றால் ஃபைலின் அளவு எவ்வளவு இருந்தாலும் நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வெற்று இடத்தில் பேக்கப்பை மீட்டு சைட் திறக்கிறதா பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள்.

தமிழில் எழுதும் சைட்டுகளுக்கு இங்கே கூடுதலாக ஒரு ஆபத்து. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். பழைய சைட்டுகள் பலவற்றில் டேட்டாபேஸ் அட்டவணை லத்தின்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று குறிக்கப்பட்டிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 பைட்டுகள். அதே சர்வரில் ஓடும் வரை எல்லாம் சரியாகத் தெரியும். வேறு சர்வருக்கு மாற்றிய மறுநாள் ‘த’ இருந்த இடத்தில் மூன்று குறிகள் நிற்கும்: தலையில் சாய்கோடு போட்ட சின்ன ரோமன் ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு நாணயக்குறி. பக்கம் முழுதும் அந்த சாய்கோட்டு ஏ திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் முதல் பைட் ஒன்றுதான். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. பழைய சர்வரில் கேரக்டர் செட்டை லத்தின்1 என்று கொடுத்து டம்ப் எடுத்து, ஃபைலுக்குள் லத்தின்1 என்று குறித்த இடங்களையெல்லாம் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) என்று மாற்றி, புதிய டேட்டாபேஸில் ஏற்றினால் பெரும்பாலும் எழுத்து திரும்பிவிடும். எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் வந்திருந்தால் நிலைமை வேறு. அந்த நகலில் தமிழ் அழிந்துவிட்டது, அதிலிருந்து மீட்க வழியில்லை. பழைய சர்வரில் இருப்பதுதான் ஒரே மூலம், அதை மூடிவிட்டால் முடிந்தது.

மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யூடிஎஃப்8’ என்று இருந்தால் தமிழ் ஓடும், ஆனால் நான்கு பைட் வேண்டும் எமோஜி ஓடாது. கண்டிப்பு நிலை (ஸ்டிரிக்ட் மோட், பொருந்தாத பதிவை மறுக்கும் அமைப்பு) அணைந்திருந்தால் எமோஜி வந்த இடத்தோடு பதிவு வெட்டுப்பட்டு மீதி வாக்கியம் காணாமல் போகும். மாற்றும்போதே யூடிஎஃப்8எம்பி4 ஆக்கிவிடுங்கள்.

மெயிலை ஹோஸ்டிங்கோடு சேர்த்து வைக்காமல் தனிச் சேவையில் வைப்பது நல்லது. ஷேர்டு சர்வரில் ஒரு அண்டைக் கணக்கு ஸ்பேம் அனுப்பினால் அதே ஐபியிலிருந்து (சர்வரின் எண் முகவரி) போகும் உங்கள் கடிதமும் ஸ்பேமில் விழும். எஸ்பிஎஃப் பதிவு, அதாவது உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் வரி, ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அந்தப் பதிவைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் அமைப்பு) தேடல் 10-ஐத் தாண்டினாலும் செல்லாது. 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாகக் கடிதம் அனுப்புவோருக்கு (ஜிமெயில் கணக்கில் ஒரு நாளில் சுமார் 5,000) ஜிமெயிலும் யாஹூவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (கடிதத்தோடு போகும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சரிபார்ப்பு தோற்றால் என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) மூன்றையும் கட்டாயமாக்கியுள்ளன. குறைவாக அனுப்புவோரும் மூன்றையும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இனி மாறும் நாள். டிடிஎல் (டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் எத்தனை நொடி சேமித்து வைக்கலாம் என்ற அளவு) 86,400 நொடி என்று இருந்தால் குறைந்தது ஒரு நாள் முன்பே அதை 300 ஆக்குங்கள். அன்றைக்கே குறைத்தால் பலனில்லை, பழைய மதிப்பு ஏற்கெனவே ஊரெல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபைலையும் டேட்டாபேஸையும் புதிய இடத்துக்கு நகலெடுத்து, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கணினி பார்க்கும் முகவரிப் பட்டியல்) டொமைனுக்கு நேராகப் புதிய ஐபியை எழுதிச் சோதியுங்கள். உள்நுழைவு, தேடல், படம் ஏற்றுதல், தொடர்புப் படிவம் எல்லாம் ஓட வேண்டும். சோதித்து முடித்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை சர்வர் மாறும்போது உங்களுக்கு மட்டும் பழையது தெரிந்துகொண்டிருக்கும். கூட்டம் குறைந்த நேரத்தில் பழைய சைட்டைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய், டேட்டாபேஸை இன்னொரு முறை எடுத்து ஏற்றி, ஏ ரெக்கார்டை (டொமைனுக்கு உரிய ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) மட்டும் மாற்றுங்கள். அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்ற வேண்டாம். டாட் காமில் நேம்சர்வர் விவரம் 2 நாள் வரை சேமிப்பில் இருக்கும், புதிய நேம்சர்வரில் மெயிலுக்கான எம்எக்ஸ், டெக்ஸ்ட் பதிவுகளை எழுத மறந்தால் மெயிலும் நின்றுபோகும்.

மறக்கும் இன்னொரு பதிவு குவாட்-ஏ, அதாவது ஐபிவி6 முகவரி. அது பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தால் சில வாசகர்களுக்குப் பழைய சைட் தெரியும். லெட்ஸ் என்கிரிப்ட் (சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தரும் அமைப்பு) சான்றிதழைப் புதுப்பிக்க வரும்போதும் முதலில் ஐபிவி6 கதவையே தட்டும், அங்கே பழைய சர்வர் பதில் சொல்வதால் சரிபார்ப்பு தோற்கும். வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள் என்பதால் கோளாறு மாறிய நாளில் தெரியாமல் வாரங்கள் கழித்து வெடிக்கும். காலாவதி எச்சரிக்கை மெயிலையும் 2025 ஜூன் 4 முதல் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். சான்றிதழ் தேதியைப் பார்த்துச் சொல்லும் ஒரு கண்காணிப்புச் சேவையை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கணக்கை இரண்டு வாரமாவது வைத்திருங்கள். அங்கே குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளை முதல் நாளே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரே நினைவூட்டல் இரண்டு சர்வரிலிருந்தும் போகும். யார் வந்தார்கள் என்று காட்டும் அக்சஸ் லாகைத் தினமும் ஒரு முறை பார்த்து, தேடல் ரோபோக்களைத் தவிர ஆட்கள் வருவது நின்றதும் கடைசியாக ஒரு முழு நகலை இறக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு, தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்து, கணக்கை மூடுங்கள்.