கேப்சூல் விழுங்கினால் ப்யூட்டிரேட் வந்துவிடாது

நோயாளி ஒருவர் மேஜைமேல் மூன்று புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடைத்த கேப்சூல்) டப்பாக்களை வரிசையாக வைத்தார். "ஏழு மாசமா விடாம சாப்பிடுறேன் டாக்டர், நல்ல பாக்டீரியா இன்னும் செட் ஆகலையா?" விழுங்கச் சிரமமென்று கேப்சூலைப் பிரித்துக் கொதிநீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். உயிரோடு போக வேண்டியவை டம்ளரிலேயே செத்துவிட்டன. காய்கறி, பயறு சாப்பிடுகிறீர்களா என்றேன். "வயிறு உப்புதுன்னு நிறுத்திட்டேன்." இந்த மாதம் இவர் நாலாவது ஆள்.

இந்த 'செட் ஆகும்' பேச்சை யார் கிளப்பிவிட்டார்களோ! கேப்சூலில் 1,000 கோடி பாக்டீரியா என்று அச்சிட்டிருப்பார்கள். சரி, பெரிய எண்தான். உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருப்பவை சுமார் 38 லட்சம் கோடி, பெரும்பாலும் பெருங்குடலில். அதாவது 3,800-க்கு ஒன்று. இடத்தையும் தீனியையும் அவை எப்போதோ வளைத்துப் போட்டாயிற்று. புதிதாக வருபவை போகிற போக்கில் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு மலத்தோடு வெளியேறும். நிறுத்தினால் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், பெரும்பாலோரிடம் தடயமே இருக்காது. ஏழு மாதம் என்ன, ஏழு வருடம் விழுங்கினாலும் இதே கதைதான்.

அப்புறம், ப்யூட்டிரேட். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு ஏறக்குறைய 70 சதவீத எரிபொருள், குடல் பாக்டீரியா தயாரிக்கும் இந்தக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலம்தான். டப்பாவில் வழக்கமாக இருக்கும் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் இரண்டுமே இதைத் தயாரிப்பதில்லை. அவை தருவது லாக்டேட், அசிட்டேட் என்ற வேறு அமிலங்கள். அவற்றை ப்யூட்டிரேட்டாக மாற்றுவது உள்ளேயே குடியிருக்கும் ஃபீகாலிபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்கள். காற்றுப் பட்டாலே சாகும் ஜாதி, டப்பாவில் அடைப்பது லேசில்லை. இத்தனைக்கும் மூலப்பொருள் காய்கறி, பயறில் இருக்கும் நார்ச்சத்து. அதைத்தான் அவர் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்!

வயிறு உப்பிக்கொண்டால் காய்கறி, பயறின் அளவைக் குறையுங்கள், அடியோடு விடாதீர்கள். கொஞ்சமாகத் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும்.

நானும் புரோபயாட்டிக் எழுதித் தருகிறவன்தான். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சில ரகங்கள் உதவும். ரகமும் அளவும் முக்கியம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

'இயற்கையானது, கெடுதல் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2008-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், புரோபயாட்டிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். பெறாத 144 பேரில் 9 பேர். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், பெரிய ரத்தக்குழாயில் (சிரையில்) மருந்துக் குழாய் போட்டிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள்: டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குதல் என்றால் கேப்சூலை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள், ப்ளீஸ். அந்த வாரமே வாருங்கள்.