வீட்டில் மட்டும் லாகின் இழுக்கிறதா?

அலுவலகத்தில் சட்டென்று திறக்கும் மடிக்கணினி, வீட்டில் கடவுச்சொல் கொடுத்தபின் ‘வெல்கம்’ என்று இரண்டு நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். ராம் போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வைஃபையை அணைத்து, லேன் கேபிளையும் கழற்றிவிட்டு மறுபடி லாகின் செய்யுங்கள். இப்போது உடனே திறந்தால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். கணினி வராத பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர், கணினிக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்த விண்டோஸ் கணினி, முதலில் டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி தரும் சேவை) வழியாக டொமைன் கன்ட்ரோலரை, அதாவது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் அலுவலக சர்வரைத் தேடும். அது கிடைக்காவிட்டால், முந்தைய லாகினின்போது சேமித்த சரிபார்ப்பு விவரத்தை வைத்து உள்ளே விடும். இயல்பாக 10 பயனர்களின் விவரம் இப்படி இருக்கும். இந்தக் கட்டம் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். அதன்பின் வருபவைதான் இழுக்கும்: சர்வரில் உள்ள ஹோம் ஃபோல்டர் (பயனரின் சொந்தக் கோப்புறை), ரோமிங் புரொஃபைல் (சர்வரில் சேமிக்கப்படும் பயனர் அமைப்புகள்), மேப் செய்த டிரைவ்கள் (டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்த சர்வர் கோப்புறைகள்), லாகின் ஸ்கிரிப்ட் (லாகினின்போது தானாக ஓடும் கட்டளைகள்).

இணைப்பே இல்லாதபோது இவை ஏன் வேகமாகத் தோற்கின்றன? செல்பேசி அணைந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். மணி அடித்தும் எடுக்காவிட்டால்தான் நேரம் போகும். வீட்டு வைஃபை இருந்தால் நெட்வொர்க் இருப்பதாகவே விண்டோஸ் நம்புகிறது. வழியில் ஒரு ஃபயர்வால் (நெட்வொர்க் தடுப்பு) தரவு பாக்கெட்டை மறுப்புச் சொல்லாமல் விழுங்கினால், இணைப்பை ஏற்படுத்தும் நெறிமுறையான டிசிபி திரும்பத் திரும்ப முயலும். பல விண்டோஸ் பதிப்புகளில் ஒரு முயற்சி கைவிடப்படச் சுமார் 21 வினாடி ஆகும். இப்படி மூன்று முயற்சிகள் அடுத்தடுத்து வந்தால் ஒரு நிமிடம் போய்விடும்.

உள் டொமைனுக்கும் (அலுவலக நெட்வொர்க்கின் பெயர்) நிறுவன இணையதளத்துக்கும் ஒரே பெயர் வைத்த இடங்களில் இது மிக மோசம். டொமைன் பெயரில் தொடங்கும் ஷேர் (பகிர்ந்த கோப்புறை) முகவரியை வீட்டு டிஎன்எஸ்ஸிடம் கேட்டால், அது வெளியிலுள்ள வெப் சர்வரின் ஐபியைத் தரும். கணினி அங்கே போய், கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் அடாப்டரின் அமைப்பில் யாராவது அலுவலக டிஎன்எஸ் முகவரியைக் கையால் பதித்திருந்தாலும் தாமதம் வரும். அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

எது இழுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பதிவில், லாகினைக் கையாளும் வின்லோகனின் 6006 நிகழ்வு, எந்தப் பகுதி எத்தனை வினாடி எடுத்தது என்று சொல்லும். குரூப் பாலிசியின் (நிர்வாகி கணினிகளுக்கு அனுப்பும் அமைப்பு விதிகள்) ஆபரேஷனல் பதிவில் 8001 நிகழ்வு, பயனருக்கான பாலிசி முடிய ஆன நேரத்தைத் தரும்.

பழைய டிரைவ் மேப்பிங்குகளை முதலில் நீக்குங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட் யூஸ்’ கட்டளை அவற்றைப் பட்டியலிடும். ஹோம் ஃபோல்டரோ ரோமிங் புரொஃபைலோ இருந்தால், விண்டோஸ் நெட்வொர்க்குக்காக 30 வினாடி வரை காத்திருக்கும். யூசர் புரொஃபைல்ஸ் பாலிசியில் இதைக் குறைக்கலாம். குரூப் பாலிசி ஸ்கிரிப்ட்டுகளுக்கான இயல்பு வரம்பு 600 வினாடி. மடிக்கணினிக்கு இது மிக அதிகம். ஸ்கிரிப்ட்டே சர்வர் எட்டுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வெளியேறும்படி எழுதுவது நல்லது. ‘எப்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திரு’ என்ற பாலிசியை மடிக்கணினிகளுக்கு நிறுத்தலாம். ஆனால் புதிய ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் (பயனர் கோப்புறைகளைச் சர்வருக்குத் திருப்பும் அமைப்பு) மாற்றங்கள் நடைமுறைக்கு வர இரண்டு லாகின் ஆகலாம்.

லாகினுக்கு முன்பே இணையும் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான இணைப்பு) இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை எழாது. அது இல்லாமல், வெளியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், மடிக்கணினி பழையதையே கேட்கும். பழையதில் நுழைந்து, விபிஎன்னை இணைத்து, திரையைப் பூட்டி, புதியதால் திறங்கள். சேமித்த விவரம் அப்போது புதுப்பிக்கப்படும்.