மலையிலிருந்து மாடு இறக்கும் முன்: காதுவில்லையும் காப்பீடும்

கொடைக்கானல் மேல்மலையில் மாடு வாங்குபவர் பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், சுழி பார்ப்பார். துண்டுக்கடியில் தரகரின் விரலைப் பிடித்து விலையும் முடித்துவிடுவார். காதில் தொங்கும், எண் பொறித்த மஞ்சள் வில்லையை அவரும் பார்ப்பதில்லை, விற்பவரும் பார்ப்பதில்லை. மாடு இறந்த பிறகு காப்பீட்டு அலுவலகத்தில் முதலில் கேட்பது அந்த வில்லையைத்தான்.

தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் மாடு, ஆடுகளுக்கு மானியத்தில் காப்பீடு உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி கட்டணத்தில் விவசாயியின் பங்கு 15 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்று ஏற்கின்றன. திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். பணம் கைக்கு வராமல் போகும் இடங்கள் வேறு.

முதல் இடம் ஒதுக்கீடு, அதாவது ஆண்டுக்கு இத்தனை மாட்டுக்குத்தான் காப்பீடு என்ற கணக்கு. "இந்த ஆண்டுக்கான எண்ணிக்கை முடிந்துவிட்டது, பிறகு வாருங்கள்" என்று கால்நடை மருந்தகத்தில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவார்கள். மேல்மலை ஊர்களான கிளாவரையிலிருந்தும் கவுஞ்சியிலிருந்தும் அரை நாள் வேலையை விட்டு வருபவரிடம் இப்படிச் சொல்வது எளிது. நிதியாண்டின் தொடக்கத்திலேயே விருப்பக் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம்.

அதைவிட மோசமானது விற்பனையின்போது நடப்பது. காப்பீடு செய்த மாட்டை இடையில் விற்றால், மீதிக் காலத்துக்கான உரிமையைப் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. மாற்றுவதற்கு வழி உண்டு. அதைச் சந்தையில் சொல்வார் இல்லை, மருந்தகத்திலும் பெரும்பாலும் சொல்வதில்லை. மேல்மலையில் ஒரு பெண் பக்கத்து ஊரிலிருந்து இரண்டாம் ஈத்துப் பசுவை வாங்கினார். மழைக்காலத்தில் பூண்டுக் காட்டின் வரப்பில் சறுக்கி விழுந்து பசு இறந்துவிட்டது. "பாலிசி உங்கள் பெயரில் இல்லை" என்றார்கள் அவரிடம். விற்றவர் கேட்டபோது "மாடுதான் உங்களிடம் இல்லையே" என்றார்கள். கட்டணம் கட்டியாயிற்று, அரசு மானியமும் போயிற்று, இரண்டு வீட்டுக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆகவே விலை முடிந்த அன்றே ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், காதுவில்லையின் 12 இலக்க எண், பாலிசி எண், விலை, தேதி. இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு நகலைக் கால்நடை உதவி மருத்துவருக்கும் கொடுங்கள். கணினிப் பதிவில் உரிமையாளர் பெயரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். "மாற்றிவிடுகிறோம்" என்ற வார்த்தையை நம்பித் திரும்பாதீர்கள். மாறிய பெயரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

வில்லை உண்ணிச்செடிப் புதரில் சிக்கிக் காதோடு கிழிந்துபோவது மலையில் அடிக்கடி நடக்கிறது. முதல் முறை போடும் செலவு அரசுடையது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு உங்களுடையது. விழுந்துவிட்டால் அன்றே மருந்தகத்துக்குத் தெரிவித்து, புது வில்லை போட்டு, பழைய எண், புதிய எண் இரண்டையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். புது எண் பாலிசியில் ஏறாவிட்டால், உங்கள் மாடு அவர்கள் கணக்கில் வேறு மாடு. எண் தெளிவாகத் தெரியும்படி மாட்டோடு நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மாடு இறந்தால் புதைக்காதீர்கள். மழையில் நாற்றம் வரும், அக்கம்பக்கத்தார் அவசரப்படுத்துவார்கள், மருத்துவர் மறுநாள்தான் வருவேன் என்பார். அப்போதும் பொறுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மருத்துவரின் கையெழுத்து வேண்டும், கால்நடை ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனது போதாது. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னதோடு நில்லாமல் எழுத்திலும் தெரிவியுங்கள். ஆவணங்கள் முழுவதும் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் 12 சதவீத வட்டியும் சேர வேண்டும் என்று திட்ட நெறிமுறையே சொல்கிறது. அதனால்தான் "ஒரு தாள் குறைகிறது" என்று தவணை தவணையாகக் கேட்கிறார்கள். என்னென்ன தாள் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

இனி வண்டி. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியான உடல்நிலை என்ற மருத்துவர் சான்று வேண்டும். ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. சான்று கிடைக்கும் முன் வண்டிக்கு முன்பணம் கொடுத்தால் அது போனதுதான். "மாட்டை இங்கே கொண்டுவா" என்று மருந்தகத்தில் சொன்னால், 1962 என்ற தொலைபேசி எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தி உங்கள் ஊருக்கு வரும் நாளைக் கேளுங்கள். வியாபாரி உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கினால் வண்டிக் காகிதம் அவர் பொறுப்பு. வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பார், போடாதீர்கள். பணத்தை எண்ணி வாங்கிய பிறகு கயிற்றைக் கொடுங்கள்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் சில வாரம் முன்பே வியாபாரிகள் மலையேறி வந்து கண்மதிப்பில் விலை சொல்வது, கீழே விலை ஏறப்போவது தெரிந்துதான். மலைக்குக் கீழே அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிறது. அந்த வாரம் போய் வந்தவரிடம் விலை விசாரிக்காமல் கிடாயைத் தொடவிடாதீர்கள். வீட்டில் தராசு இருந்தால் உயிர் எடை போட்டுவிட்டுப் பேசுங்கள். சந்தைக்கே போனால் சுங்கத்துக்கு அச்சிட்ட ரசீது கேளுங்கள், ரசீது இல்லாமல் கேட்கும் தொகைக்குக் கணக்கே கிடையாது.

வங்கிக் கடனில் வாங்கிய மாடானால், எதற்கும் முன்னால் வங்கிக்குப் போங்கள். கடன் தீரும்வரை அந்த மாட்டின் மேல் வங்கிக்கும் பாத்தியதை உண்டு. பாக்கியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு தரகரைக் கூப்பிடுங்கள்.